புனைபெயரில் இணையத்தில் எழுதுதல்: முதல் கணக்கைத் திறப்பதற்கு முன்பிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

சொந்தப் பெயர் தெரியாமல் இணையத்தில் எழுத விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதல் வேலையாக ஒரு வி.பி.என். செயலியை (இணைய இணைப்பை வேறொரு நிறுவனத்தின் வழியே திருப்பிவிடுவது) நிறுவுகிறார்கள், அடுத்து அவசரமாகக் கணக்குத் திறக்கிறார்கள், யாரிடமிருந்து மறைந்திருக்க வேண்டும் என்பதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினாலே பாதிச் சிக்கல்கள் தலைகாட்டாது. வீட்டு இணைப்பிலிருந்து ஒரே ஒருமுறை உள்நுழைந்தாலும் அந்தப் பதிவு நிறுவனத்தின் சேவையகத்தில் தங்கிவிடக்கூடும். மறுநாள் முதல் காட்டும் கவனம் எதுவும் அதை அழிப்பதில்லை. ஆகவே கீழே உள்ள படிகளை எண் வரிசைப்படியே செய்ய வேண்டும்.

கருத்து, விமர்சனம், பணியிட அனுபவம் போன்றவற்றைப் புனைபெயரில் தொடர்ந்து எழுத நினைப்பவர்களுக்கானது இது. ரகசிய ஆவணங்களைச் செய்தியாளரிடம் ஒப்படைப்பது வேறு வகையான வேலை. அதற்குச் செய்தி நிறுவனங்கள் வைத்திருக்கும் செக்யூர்டிராப் போன்ற தனி ஏற்பாடுகளும் வழக்கறிஞரின் ஆலோசனையும் தேவை.

தொடங்கும் முன் கைவசம் இருக்க வேண்டியவை: 8 ஜி.பி. அல்லது அதற்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள ஒரு பென் டிரைவ், அலுவலகத்துக்குச் சொந்தமில்லாத ஒரு கணினி, ஒரு தாளும் பேனாவும், எதையும் வெளியிடாமல் காத்திருக்கும் பொறுமை.

1. யாரிடமிருந்து மறைகிறீர்கள் என்பதை எழுதுங்கள்

முகம் தெரியாத வாசகர், உங்களை அறிந்த மேலதிகாரி அல்லது உறவினர், நீங்கள் எழுதும் தளத்தை நடத்தும் நிறுவனம், நீதிமன்ற ஆணை பெற்றுப் பதிவேடுகளைக் கேட்கக்கூடிய அரசு அமைப்பு என நான்கு தரப்பினர் உண்டு. இவர்களில் யாருக்குத் தெரிந்தால் உண்மையில் பாதிப்பு என்பதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு ஏற்பாடு ஒவ்வொருவருக்கும் வேறுபடும் என்பதால்தான் இது முதல் படியாகிறது.

மேலதிகாரிக்கு உங்கள் ஐ.பி. முகவரி (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) கிடைக்காது; ஆனால் நீங்கள் பேசும் விதமும், கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அரசு அமைப்புக்கு உங்கள் பேச்சு நடை தெரியாது. ஆனால் பதிவேடுகளைக் கேட்டு வாங்க முடியும். மேலதிகாரிக்கு அஞ்சுகிறவர் டோர் உலாவியை (இணைப்பைப் பல கணினிகள் வழியே சுற்றியனுப்பி இருப்பிடத்தை மறைப்பது) கற்பதில் ஒரு மாதத்தைச் செலவிட்டுவிட்டு, முதல் கட்டுரையிலேயே அலுவலகச் சம்பவம் ஒன்றை அப்படியே எழுதிவிடுவதுதான் புதியவர்களிடம் நான் மிகுதியாகப் பார்த்த தவறு.

அதே தாளில் இன்னொரு கேள்விக்கும் விடை எழுதுங்கள். பெயர் வெளிப்படுவது ஓர் ஆபத்து. எழுத்து நீக்கப்படுவது இன்னோர் ஆபத்து. புனைபெயர் முதலாவதைத்தான் தடுக்கும். இரண்டாவதற்கு அது சில சமயம் பாதகமாகவே அமையும். புகார் வரும்போது முன்னால் வந்து வாதாட ஆள் இல்லாத கணக்கை நீக்குவது தளத்துக்கு எளிது.

2. பெயரைத் தேர்ந்தெடுங்கள்

முன்பு எங்கும், விளையாட்டுத் தளத்தில்கூட, பயன்படுத்தாத பெயராக இருக்க வேண்டும். பிறந்த ஆண்டு, முதலெழுத்து, செல்லப்பெயர், பிடித்த கதாபாத்திரம் ஆகிய எதுவும் அதில் வேண்டாம். பலர் வைத்துக்கொள்ளும் சாதாரணப் பெயரே சிறந்தது. தேடினால் ஆயிரம் பேர் வருவார்கள்.

பழைய பெயரை மறுபடி எடுப்பதன் விளைவுக்குச் சில்க் ரோடு கள்ளச்சந்தை வழக்கு போதுமான சான்று. அந்தத் தளத்தைப் பற்றி இணையத்தில் வந்த மிகப் பழைய குறிப்புகளைத் தேடிய விசாரணையாளர்கள், 2011 ஜனவரியில் ‘ஆல்டாய்ட்’ என்ற பெயரில் வந்த பதிவுகளைக் கண்டார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில், அதே பெயரில் இருந்தவர் வேறொரு பதிவில் தம் சொந்தப் பெயர் கொண்ட மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருந்தார். அதன் பிறகு எத்தனையோ தொழில்நுட்பப் பாதுகாப்புகள் செய்துகொண்டும், 2013 அக்டோபரில், அந்தத் தளத்தை நடத்தியதாக அவர் கைதானார்.

3. சாதனத்தையும் இணைப்பையும் பிரியுங்கள்

புனைபெயருக்கென ஒரு தனி இடம் வேண்டும். ஒரே உலாவியில் இரண்டு பெயர்களையும் வைத்திருப்பவர் என்றாவது ஒருநாள் தவறான தாவலில் பதில் எழுதிவிடுவார். இது திறமையின்மையால் நேர்வதன்று, களைப்பால் நேர்வது. முதல் இரண்டு தரப்பினருக்கு மட்டும் அஞ்சுகிறவர், சொந்தக் கணினியில் தனிப் பயனர் கணக்கும் அதில் தனி உலாவியும் வைத்துக்கொண்டால் போதும். மற்றவர்கள் டெயில்ஸ் என்ற இயங்குதளத்தைப் பென் டிரைவில் நிறுவிக்கொள்ளலாம். அது கணினியின் வன்தட்டைத் தொடாமல் இயங்கும். இணையத் தொடர்புகள் அனைத்தையும் டோர் வழியாகவே அனுப்பும். நீங்களாகச் சேமிக்கும்படி அமைக்காத எதையும் அணைத்தவுடன் மறந்துவிடும்.

வி.பி.என்., டோர் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்ட பிறகே தேர்ந்தெடுக்க வேண்டும். வி.பி.என். பயன்படுத்தும்போது, நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்ற இரண்டும் ஒரே நிறுவனத்துக்குத் தெரியும். இணைய சேவை வழங்குநர்மேல் வைத்திருந்த நம்பிக்கையை வேறொருவரிடம் மாற்றிவைக்கிறீர்கள், அவ்வளவுதான். டோரில் உங்கள் இணைப்பு மூன்று கணுக்களை, அதாவது இடைநிலைக் கணினிகளை, கடக்கிறது. முதல் கணுவுக்கு உங்கள் முகவரி தெரியும், நீங்கள் போகும் இடம் தெரியாது. கடைசிக் கணுவுக்குப் போகும் இடம் தெரியும், உங்களைத் தெரியாது. கடைசிக் கணுவை நடத்துபவர் யாராகவும் இருக்கலாம் என்பதால், எச்.டி.டி.பி.எஸ். (முகவரி https என்று தொடங்கும், குறியாக்கம் செய்த இணைப்பு) இல்லாத தளத்தில் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யவே கூடாது.

டோர் உலாவியில் நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன்) சேர்க்காதீர்கள், எழுத்துருக்களையும் மாற்றாதீர்கள். ஐ.பி. முகவரியை மறைத்தாலும் உலாவியின் அமைப்பே ஆளைக் காட்டிக்கொடுக்கும். இணைய உரிமைகளுக்காகப் பாடுபடும் மின்னணு எல்லைப்புற அறக்கட்டளை (இ.எஃப்.எஃப்.) 2010-இல் நடத்திய ஆய்வில், சோதிக்கப்பட்ட உலாவிகளில் 83.6 விழுக்காடு ஒன்றோடொன்று ஒத்துப்போகாத தனித்த அடையாளம் கொண்டிருந்தன. எல்லாருடைய உலாவியும் ஒன்றுபோலத் தோன்ற வேண்டும் என்பதே டோர் உலாவியின் உத்தி. நீங்கள் செய்யும் சிறு அலங்காரம்கூட உங்களைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டும்.

டோர் தடுக்கப்பட்டிருக்கும் இணைப்பில், அமைப்புகளில் உள்ள ‘பிரிட்ஜ்’ (தடையைச் சுற்றிச் செல்ல உதவும் பாலம்) வசதியை இயக்குங்கள். ஸ்னோஃப்ளேக் வகைப் பாலம் உங்கள் இணைப்பைக் காணொளி அழைப்பின் போக்குவரத்தைப் போலக் காட்டும்.

எந்த நிறுவனத்தைப் பற்றி எழுதுகிறீர்களோ அதன் வலைப்பின்னலிலிருந்து ஒருபோதும் இணையாதீர்கள். 2013 டிசம்பரில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போலி வெடிகுண்டு மிரட்டல் அனுப்பிய மாணவர், டோரையும் தற்காலிக மின்னஞ்சலையும் பயன்படுத்தியிருந்தார். விசாரணையாளர்கள் டோரை உடைக்கவில்லை. அந்த நேரத்தையொட்டிப் பல்கலைக்கழக வலைப்பின்னலில் டோரைப் பயன்படுத்தியவர் யார் என்று பார்த்தார்கள். நேரில் கேட்டதும் அவர் ஒப்புக்கொண்டார். குற்றம் அவருடையது, ஆனால் இதன் தொழில்நுட்பப் பாடம், நேர்மையான காரணத்துக்காக மறைந்து எழுதுகிறவருக்கும் அப்படியே பொருந்தும்.

4. கணக்குகளை இந்த வரிசையில் திறங்கள்

முதலில் கடவுச்சொல் பெட்டகம் (கடவுச்சொற்களைப் பூட்டிவைக்கும் செயலி), அடுத்து மின்னஞ்சல், அதன்பிறகு எழுதும் தளம். மூன்றையும் மேலே அமைத்த தனி இடத்துக்குள்ளேயே செய்ய வேண்டும். டெயில்ஸில் கீபாஸ்எக்ஸ்சி என்ற பெட்டகச் செயலி ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பெட்டகம் அணைத்த பின்னும் நிலைக்க, பென் டிரைவின் நிலைச் சேமிப்பை இயக்கிவிட்டே தொடங்குங்கள்.

இந்தக் கட்டத்தில் ஒரு குறிப்பிட்ட தடுக்கல் எல்லாருக்கும் வருகிறது. டோர் வழியாகப் பதிவுசெய்ய முயன்றால், ‘நான் ரோபோ அல்ல’ சோதனை மறுபடி மறுபடி வரும். கடைசியில் தொலைபேசி எண்ணைக் கேட்கும். உடனே பலர், “பதிவு செய்வதற்கு மட்டும்” என்று சொல்லிக்கொண்டு வழக்கமான உலாவியைத் திறந்துவிடுகிறார்கள். கணக்கு தொடங்கிய ஐ.பி. முகவரியைப் பெரும்பாலான நிறுவனங்கள் தனியாகவே குறித்துவைக்கும் என்பதால், விட்டுக்கொடுக்கக்கூடாத இடம் இதுதான். தளம் ஏற்காவிட்டால் வேறு தளத்துக்குப் போங்கள். தொலைபேசி எண்ணைக் கொடுக்காதீர்கள்.

மின்னஞ்சலில் மீட்பு முகவரி கேட்கும் பெட்டியைக் காலியாக விடுங்கள். உள்ளடக்கத்தைக் குறியாக்கம் செய்யும் மின்னஞ்சல் நிறுவனம் எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 2021-இல், சுவிட்சர்லாந்து அதிகாரிகளின் ஆணைப்படி, புரோட்டான் மெயில் நிறுவனம் பிரான்ஸைச் சேர்ந்த சூழலியல் செயற்பாட்டாளர் ஒருவரின் ஐ.பி. முகவரியைப் பதிவுசெய்து கொடுக்க நேர்ந்தது. 2024-இல், ஸ்பெயின் காவல்துறை கேட்ட வழக்கு ஒன்றில் அதே நிறுவனம் ஒரு கணக்கின் மீட்பு முகவரியைக் கொடுத்தது. அந்த முகவரி ஆப்பிள் கணக்குக்குரியதாக இருந்ததால், அங்கிருந்து ஆளின் விவரம் கிடைத்தது. இரண்டிலும் கடிதங்களின் உள்ளடக்கம் திறக்கப்படவில்லை. திறக்கத் தேவையும் இருக்கவில்லை.

மீட்பு முகவரி இல்லாததால், கடவுச்சொல் தொலைந்தால் கணக்கும் தொலையும். எனவே இருபடிச் சரிபார்ப்பைக் குறுஞ்செய்தியில் அல்லாமல் ஆதென்டிகேட்டர் செயலியில் அமைத்து, அப்போது தரப்படும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி, வீட்டில் வேறு காகிதங்களோடு கலக்காத இடத்தில் வையுங்கள்.

எழுதும் தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் பெயர் விதியைப் படியுங்கள். ஃபேஸ்புக் போல அன்றாட வாழ்வில் பயன்படும் பெயரையே கோரும் தளங்களில், உங்கள் எழுத்தை விரும்பாதவர்கள் கட்டுரையைப் பற்றிப் புகார் செய்ய வேண்டியதில்லை. பெயர் போலி என்று பலர் சேர்ந்து சொன்னாலே கணக்கு முடங்கக்கூடும். தளத்தின் செயலியைச் சொந்தக் கைபேசியில் நிறுவவும் வேண்டாம். தொடர்புப் பட்டியலைப் படிக்க ஒருமுறை அனுமதித்துவிட்டால், ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்று உங்கள் புனைபெயரை உங்கள் உறவினருக்கே அது பரிந்துரைக்கக்கூடும்.

5. எழுத்திலிருந்து உங்களை எடுங்கள்

இதுவரை சொன்ன படிகள் ஒருமுறை செய்து முடிப்பவை. இது ஒவ்வொரு கட்டுரைக்கும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியது. பெரும்பாலோர் அகப்படுவதும் இங்கேதான்.

முதலில் விவரங்கள். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றும் சேர்ந்தால் அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று ஆய்வாளர் லடான்யா ஸ்வீனி 2000-இல் கணக்கிட்டுக் காட்டினார். தனித்தனியாகப் பார்த்தால் அவற்றில் எதுவும் ரகசியமன்று. உங்கள் கட்டுரைகளிலும் இதுவே நடக்கும். முதல் கட்டுரையில் இரவுப் பணி என்று எழுதுவீர்கள். மூன்றாவதில் செவிலியர் என்பது தெரியும். ஏழாவதில் இரட்டைக் குழந்தைகள் வந்துவிடுவார்கள். ஒவ்வொன்றும் இலட்சம் பேருக்குப் பொருந்தும்; மூன்றும் சேர்ந்து ஒரு மருத்துவமனையில் ஒருவருக்கோ இருவருக்கோதான் பொருந்தும்.

இதற்கு ஒரு பட்டியலை வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. கட்டுரையின் பெயர், அதில் வெளிப்பட்ட விவரம் என இரண்டு நெடுவரிசைகள் போதும். புதிய கட்டுரையை வெளியிடும் முன் பழைய வரிசைகளைப் படித்து, சேர்த்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். பட்டியலை அந்தப் பென் டிரைவிலேயே வையுங்கள்.

சம்பவங்களை எழுதும்போது, “இது எத்தனை பேருக்குத் தெரியும்?” என்ற கேள்வியைக் கேட்பது நல்லது. நான்கைந்து பேர் மட்டும் இருந்த அறையில் நடந்ததை எழுதினால், அந்த நால்வருக்கும் நீங்கள் யார் என்பது அன்றே தெரிந்துவிடும். அத்தகையதைச் சில மாதங்கள் கழித்து, அடையாளம் காட்டும் கூறுகளை நீக்கி எழுதுங்கள். நீக்குவது சரி, பொய்யான விவரத்தைப் புகுத்துவது சரியன்று என்பது என் கருத்து. மாடி எண்ணையும் மாதத்தையும் விட்டுவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. இல்லாத ஊரைச் சேர்த்து, அது ஒருநாள் பொய்யென்று தெரிந்தால், நீங்கள் எழுதிய மற்ற உண்மைகளும் அதோடு போய்விடும்.

அடுத்து நடை. கணினி ஆய்வாளர் அரவிந்த் நாராயணனும் பிறரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 1,00,000 எழுத்தாளர்களின் எழுத்துகளிலிருந்து, பெயரில்லாத பதிவின் ஆசிரியரை 20 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நேர்வுகளில் கணினி சரியாகக் கண்டுபிடித்தது. சந்தேகத்துக்குரியவர்கள் இருபது பேர் மட்டுமே என்றால் வேலை இன்னும் எளிது. தமிழில் காட்டிக்கொடுப்பவை பெரும்பாலும் சிறியவை: வல்லினம் மிகும் இடங்களில் ஒற்றைப் போடுகிறீர்களா விடுகிறீர்களா, ‘ஃபோன்’ என்று எழுதுகிறீர்களா ‘போன்’ என்றா, ‘வந்துகொண்டு’ என்று சேர்த்தா பிரித்தா, எந்தச் சொல்லுக்குப் பிறகு மூன்று புள்ளி வைக்கிறீர்கள். உங்கள் சொந்தப் பெயரில் வந்த பதிவுகள் சிலவற்றை எடுத்து, இந்தப் பழக்கங்களை ஒரு தாளில் குறியுங்கள். புனைபெயருக்கு அவற்றில் ஐந்தாறை மாற்றி, எப்போதும் அப்படியே கடைப்பிடியுங்கள். முழு நடையையும் மாற்ற முயன்றால் இரண்டாவது பக்கத்திலேயே பழைய கை திரும்பிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத தடயமும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒருங்குறியில் (யூனிகோட்) ஒரே குறியாகவும் பதிவு செய்யலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் பதிவு செய்யலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ‘ஸ்ரீ’ என்பதும் அப்படியே, அடியில் இருவேறு எழுத்துகளிலிருந்து உருவாகக்கூடியது. எந்தத் தட்டச்சுக் கருவி அல்லது எழுத்துரு மாற்றியைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதை இவை காட்டும். இந்த அளவுக்குத் தோண்டுபவர் குறைவுதான். இருந்தாலும் புனைபெயருக்கு வேறொரு விசைப்பலகையைப் பழகிக்கொண்டால், தட்டச்சுப் பிழைகளின் வகையும் சேர்ந்தே மாறும்.

நடையை மறைப்பதற்காக வரைவை இணையத்தில் உள்ள மொழிபெயர்ப்புக் கருவியிலோ செயற்கை நுண்ணறிவுச் செயலியிலோ, அதுவும் சொந்தக் கணக்கில் உள்நுழைந்தபடி, ஒட்டாதீர்கள். வெளியாகும் முன்பே உங்கள் கட்டுரை உங்கள் பெயரோடு ஓரிடத்தில் பதிவாகிவிடும். பிழைதிருத்திக்கும் இதுவே பொருந்தும்.

6. படங்களையும் கோப்புகளையும் கழுவுங்கள்

2012-இல் தலைமறைவாக இருந்த, வைரஸ் எதிர்ப்பு மென்பொருளால் பெயர்பெற்ற ஜான் மெக்காஃபியோடு பயணம் செய்த இதழாளர்கள் வெளியிட்ட ஒரு கைபேசிப் படத்தில், எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகள் அப்படியே இருந்தன; அவர் குவாத்தமாலாவில் இருப்பது அன்றே தெரிந்துவிட்டது. 2003-இல் பிரிட்டிஷ் அரசு இராக் பற்றி வெளியிட்ட வேர்டு கோப்பில், அதைத் திருத்திய அலுவலர்களின் பயனர் பெயர்கள் பதுங்கியிருந்தன. கோப்பைப் பதிவேற்றும் முன், டெயில்ஸில் உள்ள மெட்டாடேட்டா (கோப்பில் மறைந்திருக்கும் இத்தகைய விவரங்கள்) நீக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். இயன்ற வரை கோப்பாக அல்லாமல் வெறும் உரையாகவே வெளியிடுங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டில் பெயரை மறைக்க மங்கலாக்கும் கருவியை நம்பாதீர்கள். கறுப்புப் பட்டையைப் பதித்து, அந்தப் படத்தை மீண்டும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைப் பயன்படுத்துங்கள். பி.டி.எஃப். கோப்பில் பட்டை மட்டும் போட்டால் அடியில் எழுத்து அப்படியே இருக்கும், நகலெடுத்து ஒட்டினாலே வந்துவிடும். 2023-இல் வெளிப்பட்ட ஒரு குறைபாட்டால், கூகுள் பிக்சல் கைபேசிகளில் வெட்டி நீக்கப்பட்ட பகுதிகளைக்கூட மீட்டெடுக்க முடிந்தது. இரண்டாவது ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

7. வெளியிடுவதும் வாயைக் கட்டுவதும்

எழுதி முடித்தவுடன் வெளியிடாதீர்கள். நேரம் குறித்து வெளியிடும் வசதியைப் பயன்படுத்துங்கள். இல்லையெனில் சில மாதங்களின் நேரக்குறிகளே நீங்கள் தூங்கும் நேரத்தையும், அதன்வழி உங்கள் நேர மண்டலத்தையும், விடுப்பு நாட்களையும் காட்டிவிடும். சொந்தக் கணக்கிலிருந்து அந்தக் கட்டுரையை விரும்புவதும் பகிர்வதும் கூடாது. எத்தனை பேர் படித்தார்கள் என்று அலுவலகக் கணினியில் பத்து முறை திறந்து பார்ப்பதும் கூடாது.

யாரிடமும் சொல்லாதீர்கள். ராபர்ட் கால்பிரெய்த் என்ற புனைபெயரில் எழுதியவர் ஜே. கே. ரௌலிங் என்பது 2013-இல் வெளிவந்தபோது, நடை ஆய்வு பிற்பாடு உறுதிசெய்ய மட்டுமே பயன்பட்டது. முதல் கசிவு, அவருடைய வழக்கறிஞர் நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர் தம் மனைவியின் தோழியிடம் சொன்னதால் நேர்ந்தது.

8. நீக்கப்பட்டால் என்ன செய்வது என்பதை முன்பே ஏற்பாடு செய்யுங்கள்

ஒவ்வொரு கட்டுரையும் வெளியான அன்றே மூன்று இடங்களில் இருக்க வேண்டும்: பென் டிரைவில் உரைக் கோப்பாக, வேறொரு நிறுவனம் நடத்தும் இரண்டாவது தளத்தில், பக்கங்களின் நகலைச் சேமித்துவைக்கும் இணையக் காப்பகத்தின் வேபேக் இயந்திரத்தில். காப்பகமும் கோரிக்கையின் பேரில் பக்கங்களை நீக்கக்கூடும். எனவே அதை மட்டும் நம்ப வேண்டாம்.

எங்கே வெளியிடுகிறீர்கள் என்பதே தடையின் விலையைத் தீர்மானிக்கிறது. எச்.டி.டி.பி.எஸ். இணைப்பில், இடையில் இருக்கும் நிறுவனத்துக்குத் தளத்தின் பெயர் தெரியும். எந்தப் பக்கம் என்பது தெரியாது. விக்கிப்பீடியா 2015-இல் முழுமையாக இதற்கு மாறிய பிறகு, தனிக் கட்டுரையை மட்டும் தடுப்பது இயலாமல் போயிற்று. துருக்கி 2017 ஏப்ரல் முதல் 2020 ஜனவரி வரை தளம் முழுவதையும் தடுக்க வேண்டியிருந்தது. பலரும் பயன்படுத்தும் பெரிய தளத்தில் இருக்கும் கட்டுரையைத் தடுக்க, அந்தத் தளத்தையே தடுக்க வேண்டும். சொந்த இணைய முகவரி (டொமைன்) வாங்கித் தளம் நடத்தினால் உங்களை மட்டும் தடுப்பது எளிது. பணம் செலுத்திய தடயமும் பதிவு நிறுவனத்திடம் இருக்கும். தொடக்கத்தில் அது வேண்டாம்.

நீக்கும்படி அறிவிப்பு வந்தால், எந்த வாக்கியத்துக்காக, எந்த விதியின்கீழ் என்று தளத்திடம் புனைபெயர் மின்னஞ்சலிலிருந்து எழுதிக் கேளுங்கள். கோபத்தில் எழுதும் பதிலில்தான் சொந்த நடை தலைகாட்டும். ஒருநாள் விட்டு அனுப்புங்கள். அவதூறு வழக்கில் விவரங்களைத் தரும்படி நீதிமன்றம் தளத்துக்கு ஆணையிட முடியும் என்பதால், சான்று இல்லாத குற்றச்சாட்டைப் புனைபெயர் காப்பாற்றும் என்று எண்ணாதீர்கள்.

9. யாராவது சந்தேகப்பட்டால்

“அது நீதானே?” என்று தெரிந்தவர் கேட்கும் அன்றே கணக்கை அழிப்பவர்கள் பலர். கேள்வி வந்த நாளில் கணக்கு மறைந்தால், அதுவே விடையாகிவிடும். நேரம் குறித்து வைத்த இரண்டு மூன்று கட்டுரைகள் வழக்கம்போல வெளிவரட்டும். அதன்பின் இடைவெளிகளை மெல்ல அதிகமாக்கி நிறுத்துங்கள்.

தவறுதலாகச் சொந்த இணைப்பிலிருந்து உள்நுழைந்துவிட்டால், முதல் படியில் எழுதிய தாளை எடுங்கள். வாசகரும் மேலதிகாரியும் மட்டுமே கவலை என்றால், தொடர்ந்து எழுதலாம். அந்தப் பதிவு அவர்கள் கைக்கு எட்டாது. நிறுவனமோ அரசோ கவலை என்றால், அந்தப் பெயர் முடிந்துவிட்டது என்று கொண்டு, இரண்டாம் படியிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். விடைபெறும் கட்டுரை வேண்டாம். புதிய இடத்தைக் குறிப்பால்கூடச் சொல்ல வேண்டாம். பழைய பெயரின் கடைசிப் பதிவுக்கும் புதிய பெயரின் முதல் பதிவுக்கும் நடுவே சில மாதங்களாவது போகட்டும். பழைய கட்டுரைகளில் ஒரு பத்தியைக்கூட அங்கே மறுபடி பயன்படுத்தாதீர்கள்.